புதிதாக வாங்கிய கறவை மாட்டைப் பழக்குவது எப்படி? சென்னைப் புறநகர்ச் சிறு பண்ணைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, ஏமாந்துவிட்டேன். உதைக்கிற மாட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்." மாதவரம், செங்குன்றம், திருநின்றவூர், படப்பைப் பக்கங்களில் முதல்முறையாக ஒன்றிரண்டு மாடு வாங்கிக் கட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. நேரில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் மாடு முரட்டு மாடாக இருப்பதில்லை. காம்பில் வெடிப்பு இருக்கும். தரை வழுக்கும். மாடு வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, அதற்குள் நான்கு பேர் சுற்றி நின்று பிடித்துக் கறக்க முயன்றிருப்பார்கள்.

ஒரு மாட்டின் குணம் இன்னது என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்றை விலக்கியாக வேண்டும்: முதலில் வலி, அடுத்து பயம், அதற்கடுத்து பழக்கமின்மை. இவை போன பிறகு எஞ்சுவதுதான் குணம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. வலியோடு நிற்கிற மாட்டைப் பழக்க முயன்றால், வலியையும் உங்கள் முகத்தையும் அது ஒன்றாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். கீழே உள்ள படிகள் மாடு வாங்குவதிலிருந்து நாள்முறைப்படி அமைந்தவை; ஆனால் சிக்கல் வந்தால் காரணம் தேடுவது இந்த வரிசைப்படியே இருக்கட்டும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினக் கறவை மாடுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நாட்டு மாடு வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

1. மாடு வருவதற்கு முன்பே கொட்டகையைச் சரிசெய்யுங்கள்

மாட்டை ஓட்டி வந்த பிறகு கொத்தனாரை அழைப்பவர்கள் உண்டு. புது இடத்தில் நிற்கிற மாட்டின் காதருகே கல்லுடைக்கும் சத்தம் கேட்டால், அந்த இடமே அதற்குப் பிடிக்காமல் போய்விடும். வேலைகளை எல்லாம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

முதலில் தரை. வழவழவென்று பூசிய சிமென்ட் தரை பார்க்க அழகாக இருக்கும். ஈரமானால் மாட்டுக்கு ஆபத்து. ஒருமுறை கால் வழுக்கிய மாடு, கறக்கும்போது எடையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கும். அதைத்தான் "நிற்காத மாடு" என்று சொல்லிவிடுகிறோம். தரையில் கோடு கீறுங்கள், அல்லது ரப்பர் விரிப்பு போடுங்கள். ஒரு மாட்டுக்கு 4 அடி அகலமும் ஐந்தரை அடி நீளமுமாவது நிற்கவும் படுக்கவும் வேண்டும். மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்க விரும்பும். அதற்கு இடம் கிடைக்காவிட்டால் கால் நோகும், கால் நொந்த மாடு எரிச்சலோடுதான் நிற்கும்.

அடுத்து, மாடு வரப்போகும் வழியில் அதன் கண்ணுயரத்துக்குக் குனிந்து ஒருமுறை நடந்து பாருங்கள். மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ 330 டிகிரிப் பரப்பு அதற்குத் தெரியும். நேர் பின்னால் தெரியாது. இரு கண்ணும் சேர்ந்து பார்ப்பது முன்னால் ஒரு குறுகிய பகுதியை மட்டும்தான். ஆகையால் பள்ளமா நிழலா என்று மாட்டால் சட்டென்று பிரித்தறிய முடியாது. தலையைத் தாழ்த்தி, நின்று நிதானமாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். வாசலில் கழிவுநீர்க் கால்வாயின் இரும்புக் கம்பி மூடி, தரையில் விழும் வெயில் கோடு, காற்றில் படபடக்கும் நீலத் தார்ப்பாய், கொடியில் காயும் லுங்கி ஆகிய எதுவும் மாட்டை நிறுத்தும். தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். கம்பி மூடியின் மேல் பழைய சாக்கை விரித்து மண் தூவுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது மின்கசிவு. மோட்டார், மின்விசிறி, ஈரத் தரை மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் தண்ணீர்த் தொட்டியிலோ இரும்புக் குழாயிலோ மெல்லிய மின்னோட்டம் இருக்கலாம். நம் கைக்குத் தெரியாத அளவை மாடு உணர்ந்துவிடும். தொட்டியில் வாயை வைத்ததும் சட்டென்று தலையை இழுக்கிற மாட்டைப் பார்த்தால் உடனே மின்பணியாளரை அழையுங்கள். நில இணைப்பு (எர்த்) சரியாக இருக்கிறதா என்று மாடு வருவதற்கு முன்பே பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். ஏன் என்பதை எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

2. வாங்கும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும்

வேலூர் அருகே பொய்கையில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடுகிற பெரிய சந்தைக்குப் போய் மாடு பார்க்கிறவர்கள் சென்னைப் பக்கத்தில் நிறையப் பேர். விலை நிலவரம் தெரிந்துகொள்ளச் சந்தை நல்ல இடம். குணம் பார்க்க உகந்த இடம் அன்று. அங்கே நிற்கிற மாடு நெடுந்தூரம் வந்து களைத்திருக்கும், அல்லது மிரண்டிருக்கும். களைத்த மாடு சாதுவாகத் தெரியும், மிரண்ட மாடு முரடாகத் தெரியும். இரண்டும் உண்மையில்லை. முதல்முறை வாங்குகிறவர் மாடு வளர்ந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்பது நல்லது.

அங்கே மாலைக் கறவையையும் மறுநாள் காலைக் கறவையையும் பாருங்கள். ஒரு கறவையை மட்டும் பார்த்தால், முந்தின வேளை கறக்காமல் மடியை நிரப்பி வைத்திருந்தால் தெரியாது. இரண்டாவது வேளை நீங்களே உட்கார்ந்து கறந்து பாருங்கள். சொந்தக்காரர் கையில் நிற்கிற மாடு உங்கள் கையில் என்ன செய்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

மாட்டின் உடம்பில் பழைய கதை எழுதியிருக்கும். பின்னங்காலில் முட்டிக்கு மேலே மயிர் தேய்ந்த வளையம் இருந்தால், வேளைதோறும் காலைக் கட்டித்தான் கறந்திருக்கிறார்கள். மூக்குத் துளை கிழிந்து ஆறியிருந்தால் முரட்டுத்தனமாக இழுத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று, அடிக்கிற பாவனை இல்லாமல் உங்கள் கையைத் தோளுயரம் சாதாரணமாகத் தூக்குங்கள். கண்ணை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொள்கிற மாடு அடி வாங்கிப் பழகியது. இவற்றுக்காக மாட்டை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பழக்கக் கூடுதல் நாள் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

பிறகு கட்டை அவிழ்த்து நடத்தச் சொல்லுங்கள். இறைச்சிக்கு மாடு வளர்க்கும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், கூண்டிலிருந்து விட்டதும் மாடு என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்று அளந்து குணத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மெதுவாக நடந்து போகிற மாடுதான் அமைதியானது. நமக்கு அளவுகருவி தேவையில்லை. அவிழ்த்ததும் பாய்கிறதா, நின்று மோந்து பார்த்துவிட்டு நடக்கிறதா என்று பார்த்தால் போதும். கண்ணின் வெள்ளை அதிகம் தெரிவது, காதுகள் பின்னுக்கு விறைத்து நிற்பது, வால் கவட்டுக்குள் ஒடுங்குவது ஆகியவை பயத்தின் அடையாளங்கள். காது தளர்ந்து, வால் இயல்பாகத் தொங்கி, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே அசைபோடத் தொடங்கினால் அந்த மாட்டைத் தயங்காமல் வாங்கலாம்.

சுழி பார்ப்பவர்களோடு வாதாட வேண்டாம். நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருக்கிற மாடுகள் சற்றுக் கூடுதலாக மிரளுகின்றன என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. உங்கள் முன் நிற்கிற ஒரு மாட்டின் விலையை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

கிளம்புவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார் கறந்தார்கள்? எந்தப் பக்கம் உட்கார்ந்து? எத்தனை மணிக்கு? கன்றை விட்டா, விடாமலா? கறக்கும்போது என்ன தீவனம்? எந்தப் பெயர் சொல்லி அழைப்பார்கள்? காதில் உள்ள 12 இலக்க அடையாள எண், கடைசியாகக் கோமாரித் தடுப்பூசி போட்ட தேதி, ஈற்று எண்ணிக்கை ஆகியவையும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

3. ஏற்றி வருவது

பயணத்துக்குக் கால்நடை மருத்துவரின் சான்று சட்டப்படி தேவை; முதல் நாளே வாங்கி வையுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஊர் வந்து சேரும்படி விடியற்காலையில் கிளம்புங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் நண்பகல் வெயிலில் திறந்த வண்டியில் நிற்கிற மாடு, வந்து இறங்கும்போதே அரைப் பங்கு தெம்பை இழந்திருக்கும்.

வண்டியின் தகரத் தளத்தில் மணலும் வைக்கோலும் கனமாகப் பரப்புங்கள். ஏற்றுவதற்கு, வண்டியின் பின்பக்கம் ஒரு மண்மேட்டை ஒட்டி இருக்கும்படி நிறுத்தினால் வேலை பாதியாகும். ஏற மறுக்கிற மாட்டின் வாலை முறுக்குவதும் அடிப்பதும்தான் எல்லோரும் செய்கிற தவறு. அப்படி ஏற்றிய மாடு ஏறிவிடும். ஆனால் அன்று முழுவதும் யாரையும் நெருங்க விடாது. சற்று நேரம் நின்று பார்க்க விடுங்கள். தீவனக் கூடையைக் காட்டி ஒருவர் முன்னால் நடக்க, இன்னொருவர் தோள்பட்டைக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று மெல்ல நெருங்கினால் மாடு முன்னேறும்.

பழைய கயிறு, பழைய வாளி, அது தின்று பழகிய தவிடு புண்ணாக்குக் கலவையில் ஒரு வாரத்துக்கான அளவு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிறு கெடும், வயிறு கெட்ட மாட்டைப் பழக்க முடியாது.

4. முதல் நாள்: தண்ணீர், தீவனம், தனிமை

இறக்கியதும் தண்ணீர் காட்டுங்கள். பிறகு பசுந்தீவனமோ வைக்கோலோ போட்டுவிட்டு எல்லோரும் விலகிவிடுங்கள். அன்றைக்கு மாலை போடுவது, குங்குமம் வைப்பது, அக்கம்பக்கத்தார் வந்து தட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பூசையை ஒரு வாரம் கழித்துச் செய்தாலும் குறையில்லை.

ஏற்கெனவே மாடு இருந்தால் புது மாட்டைக் குறைந்தது மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். கோமாரி, தோல் கழலை நோய் ஆகியவை வெளியே தெரிய நாளாகும். அந்த நாட்களில் பழைய மாடுகளை முதலில் கறந்துவிட்டுப் புது மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். தனியாகக் கட்டினாலும் மற்ற மாடுகள் கண்ணில் படும்படி இருக்கட்டும். மாடு கூட்டமாக வாழும் உயிர். இன்னொரு மாட்டைப் பார்த்தாலே அதன் பதற்றம் குறையும். வேறு மாடே இல்லாவிட்டால் முதல் இரண்டு மூன்று இரவு கத்தும். அதற்கு அடிப்பதோ அதட்டுவதோ பயன் தராது.

குடற்புழு மருந்து, ஊசி, காதுவில்லை, குளம்பு வெட்டுதல் என்று எல்லாவற்றையும் முதல் நாளே ஒன்றாக முடித்துவிட நினைக்காதீர்கள். அவசரச் சிகிச்சை தவிர மற்றவற்றை முதல் வாரம் கழித்து வையுங்கள். செய்யும்போதும் கறக்கிற இடத்தில் செய்ய வேண்டாம். கறப்பவர் பிடிக்கவும் வேண்டாம். தனக்கு வலி தந்த இடத்தையும் ஆளையும் மாடு நன்றாக நினைவில் வைத்திருக்கும். தன்னை அடித்தவர் அருகில் நின்றாலே கறவைக்குப் பின் மடியில் தங்கிவிடும் பால் கூடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

5. நெருங்கும் முறை

இரண்டாம் நாளிலிருந்து தொடங்கலாம். நீங்கள் எத்தனை அடி நெருங்கினால் மாடு விலகத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். அந்த எல்லைதான் பயத்தின் அளவு. எல்லையைத் தொட்டதும் நின்றுவிடுங்கள். மாடு தளர்ந்ததும் ஓரடி பின்வாங்குங்கள். பிறகு மீண்டும் நெருங்குங்கள். பின்வாங்குவதை வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். "நான் அசைந்தால் இவர் நிற்கிறார், அமைதியாக நின்றால் இவர் விலகுகிறார்" என்று மாடு புரிந்துகொள்வது அந்த ஓரடியில்தான். ஒரு சில நாட்களில் எல்லை சுருங்கிக் கைக்கெட்டும் தூரம் வந்துவிடும்.

நேர் முன்னாலோ நேர் பின்னாலோ போகாதீர்கள். தோளுக்குப் பக்கவாட்டிலிருந்து, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். பழைய வீட்டில் வைத்த பெயரையே சொல்லுங்கள். தோள்பட்டைதான் நடுக்கோடு: அதற்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னே போகும், முன்னால் நின்று நெருங்கினால் பின்வாங்கும். இதைத் தெரிந்துகொண்டால் கயிற்றை இழுத்து மல்லுக்கட்ட வேண்டிய தேவை பாதி குறையும்.

முதல் தொடுதல் கழுத்தில் இருக்கட்டும். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கிற இடம் அது. கழுத்தின் அடிப்பக்கத்தையும் அதன் கீழே தொங்கும் தோலான அலைதாடியையும் விரல்களால் அழுத்தி வருடினால், சில நிமிடங்களில் மாடு கழுத்தை நீட்டிக் காதைத் தொங்கவிடும். அங்கிருந்து தோள், முதுகு, இடுப்பு, தொடை என்று கையை எடுக்காமல் நகர்த்திக்கொண்டே மடிக்குப் போங்கள். மெல்லத் தட்டுவதைவிட அழுத்தி வைத்த உள்ளங்கை நல்லது. லேசான தொடுதலை மாடு ஈ என்று நினைத்து உதறும்.

நெற்றியைத் தள்ளித் தேய்த்து விளையாடக் கூடாது. கன்றாக இருக்கும்போது அது வேடிக்கை. வளர்ந்த பிறகு அதே மாடு வீட்டுப் பிள்ளைகளை முட்டித் தள்ளும்.

6. முதல் கறவை

கறவை மாடு என்பதால் பழகும்வரை காத்திருக்க முடியாது. வந்த அன்றே கறந்தாக வேண்டும். ஆகவே முதல் நாள் கறவையில் பால் அளவை எதிர்பார்க்காதீர்கள். அமைதியாக முடிந்தாலே போதும்.

பால் இறங்குவது எப்படி என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை தானாகப் புரியும். மடியைக் கழுவித் தேய்க்கும்போது மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற, பாலை இறக்கும் சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் காம்புகள் விறைத்துப் பால் இறங்கும். அதன் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரைதான் நிற்கும். இதற்கிடையே மாடு மிரண்டால் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் பால் இறங்குவதைத் தடுத்துவிடும். மாடு "பாலை ஒளிக்கிறது" என்று நாம் சொல்வது இதைத்தான். மாடு வேண்டுமென்று செய்வதில்லை. பயந்த உடம்பு அப்படித்தான் இயங்கும்.

ஆகவே வாளி, தண்ணீர், துணி, தீவனம் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே மடியைத் தொடுங்கள். மடியைக் கழுவிவிட்டு வாளி தேடிப் போகிறவருக்கு அந்த வேளைப் பாலில் ஒரு பங்கு போய்விடும். முதல் பீச்சை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் பீச்சித் திரி (திரிந்த சிறு கட்டிகள்) இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கையால் காம்பை முழுதாகப் பிடித்துக் கறக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கி வைத்துக் கறப்பது காம்பின் உட்புறத்தை நசுக்கும். நாளடைவில் மாடு உதைக்கக் கற்றுக்கொள்வது இதனால்தான். நகத்தை ஒட்ட வெட்டியிருங்கள்.

எந்தப் பக்கம் உட்கார்வது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். திருநின்றவூர் அருகே ஒரு வீட்டில் நல்ல ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்று, நான்கு நாளாக யாரையும் மடியைத் தொட விடவில்லை. வாங்கிய இளைஞர் சந்தேகத்தோடு பழைய சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்தது அந்த வீட்டம்மா.

"தம்பி, எந்தப் பக்கம் உட்காருகிறாய்?"

"வலது பக்கம், அக்கா."

"நான் எப்போதும் இடது பக்கம்தானே உட்காருவேன். இன்னொன்று, தவிட்டை முதலில் வைக்காதே. மடியைக் கழுவின பிறகு வை. தின்று முடித்துவிட்டால் அவள் நிற்க மாட்டாள்."

அன்று மாலை அவர் மனைவி புடவையோடு இடது பக்கம் உட்கார்ந்தார். அந்த மாட்டை முதல் ஈற்றிலிருந்தே புடவை கட்டிய ஒருவர்தான் கறந்திருக்கிறார். தலையைத் திருப்பி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் தவிட்டுத் தொட்டிக்குள் வாயை விட்டது. கால் அசையவில்லை. பிறகு இரண்டு வாரத்தில் கணவரையும் ஏற்றுக்கொண்டது. முதலில் மனைவி கறக்கும்போது அவர் கழுத்தை வருடிக்கொண்டு நின்றார். அடுத்து கடைசிப் பீச்சுகளை மட்டும் கறந்தார். அதற்கப்புறம்தான் முழுதாக உட்கார்ந்தார். ஆள் மாற்றும்போது இந்த வரிசையையே பின்பற்றுங்கள்.

நாட்டு மாடுகளும் நாட்டுக் கலப்பு அதிகமுள்ளவையும் கன்றைக் காணாமல் பால் இறக்குவது அரிது. கன்றை முதலில் ஊட்டவிட்டு, பிறகு தாயின் முகத்தருகே கட்டி நக்க விட்டுக் கறந்தால் அமைதியாக நிற்கும். கன்று இல்லாத நாட்டு மாட்டை முதல் மாடாக வாங்குவது புதியவருக்கு நல்லதில்லை.

பால் இறங்கவில்லை என்றதும் யாராவது ஆக்சிடோசின் ஊசியைச் சொல்வார்கள். மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும்படி பாலுக்காக ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது இல்லாவிட்டால் இறங்காத நிலைக்கும் மாடு போய்விடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

7. உதைத்தால் என்ன செய்வது

மாடு பின்னங்காலை முதலில் முன்னுக்கு இழுத்து, வெளிப்பக்கமாக வளைத்துப் பின்னால் வீசும். ஆகையால் இரண்டடி தள்ளி நிற்பவர்தான் முழு அடியையும் வாங்குவார். தலையை விலாவில் சாய்த்து, தோளைத் தொடையோடு ஒட்டி உட்கார்ந்தால் அது தள்ளாகத்தான் படும். கால் தூக்குவதற்கு முன் எடை மறுபக்கம் சாய்வதும் உங்கள் தோளுக்குத் தெரிந்துவிடும்.

உதைத்ததும் செய்கிற தவறுகள் இரண்டு. ஒன்று, அடிப்பது. இன்னொன்று, எழுந்து போய்விடுவது. அடித்தால் பயம் கூடும். எழுந்து போனால் "உதைத்தால் விட்டுவிடுவார்கள்" என்று அது கற்றுக்கொள்ளும். வாளியை மட்டும் நகர்த்திவிட்டுக் கையை மடியிலேயே வையுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். மாடு கால் ஊன்றி நின்ற பிறகு நாலு பீச்சாவது கறந்துவிட்டு நீங்களே முடித்து எழுங்கள்.

கட்டாயம் தேவைப்பட்டால் ஒருவர் வாலை அடிப்பகுதியில் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே தூக்கிப் பிடிக்கலாம். அந்த நிலையில் மாட்டுக்கு உதைக்க வராது. கால்கயிறு கட்டுவதாக இருந்தால் எட்டு வடிவில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். அவிழாத முடிச்சோடு மாடு விழுந்தால் தொடை எலும்பே போய்விடும். இரண்டும் சில நாளைக்கான ஏற்பாடு. மாதக்கணக்கில் கட்டித்தான் கறக்க வேண்டியிருந்தால் ஏதோ வலி இருக்கிறது என்று பொருள்.

8. குணம் மாறினால் முதலில் நோயைத் தேடுங்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நேற்றுவரை நின்ற மாடு இன்று உதைத்தால் அது குணமாக இருக்கவே முடியாது.

மடிதான் முதல். நான்கு காம்பையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பாகம் மட்டும் சூடாகவோ கல்லாகவோ இருந்தால், பாலில் திரி வந்தால் அது மடிவீக்க நோய். காம்பில் மரு, வெடிப்பு, உண்ணி கடித்த புண் இருக்கலாம். கன்று ஈன்ற புதிதில் மடி நீர்கோத்து வீங்கியிருக்கும், தொட்டாலே வலிக்கும்.

வெப்பம் அடுத்தது. சென்னையில் வெயிலோடு ஈரப்பதமும் சேர்வதால் கலப்பின மாட்டால் உடம்புச் சூட்டை வெளியேற்ற முடிவதில்லை. நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால், விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பார்த்தாலே தெரியும், அது வெப்ப அயர்ச்சி. படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும், தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது, தொட்டால் எரிச்சல்படும். கத்திரி வெயில் நாட்களில் தண்ணீர் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். தண்ணீர் தெளித்துவிட்டு மின்விசிறியை ஓடவிடுங்கள். காற்று இல்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். கறவை நேரத்தைக் காலை ஐந்து மணிக்கு முன்னும், மாலை வெயில் தாழ்ந்த பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்.

சினைப்பருவத்தில், அதாவது சினை சேர்க்கத் தயாராகும் நாளில், மாடு கத்தும், தீவனம் குறையும், பால் குறையும், மற்ற மாட்டின் மேல் தாவும். சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும்; ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். தேதியைக் குறித்து வைத்தால் "திடீர் முரட்டுத்தனம்" என்று நினைத்ததில் பல சினைப்பருவமாகவே இருப்பது தெரியவரும்.

முதுகைக் கூனிக்கொண்டு நிற்பது, நடக்கும்போது முனகுவது, சரிவில் இறங்க மறுப்பது எல்லாம் வயிற்றில் கம்பியோ ஆணியோ போயிருப்பதற்கான அறிகுறிகள். தெருவில் மேயவிட்ட மாடுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் பையும் சேரும். மாநகராட்சி பிடித்துப்போய் அபராதம் விதிப்பது ஒருபுறம் இருக்க, குப்பைத் தொட்டியில் மேய்வதால் மாட்டின் உடம்பு போகிறது என்பதற்காகவே கட்டிப்போட்டு வளர்க்கச் சொல்கிறேன்.

ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். சாதுவான மாடு திடீரென்று ஆட்களைப் பாய்ந்து முட்ட வருவது, குரல் மாறி ஓயாமல் கதறுவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் தவிப்பது ஆகியவை வெறிநோயாக இருக்கலாம். தெருநாய் கடித்ததை நாம் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். அந்தப் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்டவர்கள் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தின் எண்ணைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. பெரிய சிகிச்சை என்றால் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

9. மற்ற மாடுகளோடு சேர்ப்பது

மூன்று வாரம் கழிந்த பின், பழைய மாடுகளில் மிகச் சாதுவானதற்குப் பக்கத்தில், இடையில் ஒரு மாடு நிற்கும் அளவு இடத்தைக் காலியாக விட்டுக் கட்டுங்கள். சில நாள் கழித்து இடைவெளியைக் குறைக்கலாம். அவிழ்த்துவிடுவதாக இருந்தால் எல்லாம் தீவனம் தின்று முடித்த பிறகு, திறந்த இடத்தில் விடுங்கள். பசியோடு இருக்கும்போது குறுகிய இடத்தில் விட்டால் தொட்டிக்காகச் சண்டை வரும். முட்டிக்கொண்டு யார் பெரியவர் என்று முடிவு செய்துகொள்ளும். சாதாரண முட்டலில் நடுவே போய்ப் பிரிக்க வேண்டாம். ஓட இடமில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டால் மட்டும் தலையிடுங்கள்.

10. சத்தம், பட்டாசு, மழை

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மாடு ஏறத்தாழ 35,000 வரை கேட்கும். இரும்பு வாளி தரையில் உராயும் சத்தமும் விசிலும் நமக்குத் தோன்றுவதைவிட அதற்குக் கூர்மையானவை. தீபாவளியன்று மாலைத் தீவனத்தை முன்னதாகவே போட்டு, தெருப்பக்கத்தை மறைத்து, கொட்டகையில் விளக்கை எரியவிடுங்கள். பழகிய ஒருவர் கூடவே இருக்கட்டும். கயிறு நீளமாக இருந்தால் துள்ளும்போது காலில் சிக்கும். அன்று மட்டும் சற்றுக் குறைத்துக் கட்டுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேங்கிய நீரில் நின்றால் குளம்பு அழுகும். ஈரத்தோடு கடிக்கும் ஈக்களும் பெருகும். கறக்கும்போது மாடு காலை உதறி உதறி வைத்தால், உதைப்பதற்கு முன் முழங்காலுக்குக் கீழே ஈ உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று வீசும் பக்கத்தில் வேப்பிலைப் புகை போடுவதும், சாணத்தைத் தினம் அப்புறப்படுத்துவதும் கால்கயிற்றைவிட நன்றாக வேலை செய்யும்.

11. தலையீற்றுக் கிடேரி

கன்று ஈன்ற அன்றுதான் முதல்முறை மடியைத் தொடுவது என்றால் உதை நிச்சயம். சினை ஏழு மாதமானதும் தினமும் கறக்கும் இடத்துக்கு ஓட்டி வந்து, கொஞ்சம் தவிடு வைத்து, முதுகிலிருந்து மடிவரை கையால் தடவிவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். காம்பைப் பீச்சக் கூடாது, தொட்டால் போதும். மற்ற மாடுகளைக் கறக்கும் சத்தத்தை அது பக்கத்தில் நின்று கேட்கட்டும். ஈன்ற முதல் சில நாட்கள் எந்தத் தாயும் கன்றை நெருங்குகிறவரை முட்ட வரலாம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நிற்காதீர்கள். நாயையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

12. எப்போது வேண்டாம் என்று முடிவெடுப்பது

வலி இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்து, கொட்டகை சரியாகி, ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒரே முறையில் இரண்டு மாதம் கையாண்ட பிறகும் மாடு ஆளைத் தேடி வந்து முட்டுகிறதா, நெருங்கும் எல்லை சற்றும் சுருங்கவில்லையா? அப்போது அது குணம்தான். குணத்தில் ஒரு பங்கு பிறவியிலேயே வருவது. வழிவழியாகக் கன்றுகளுக்கும் போகும். முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அந்த மாட்டை வைத்திருக்க வேண்டாம். அதன் கிடேரிக் கன்றை வளர்க்க நினைத்தால் பிறந்த முதல் வாரத்திலிருந்தே கையில் பழக்குங்கள்.

விற்கும்போது வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இந்த மாடு முட்டும், இன்ன நேரத்தில் முட்டும், இன்ன பக்கம் உட்கார்ந்தால் நிற்கும் என்று தாளில் எழுதியே கொடுங்கள். அனுபவமுள்ள ஆட்களும் அகலமான இடமும் உள்ள பெரிய பண்ணையில் அந்த மாடு நன்றாகவே கறக்கக்கூடும். விலையில் சில ஆயிரம் குறையும். அந்தப் பணத்துக்காக மறைத்தால், விவரம் தெரியாத ஒருவர் அதன் பின்னங்காலுக்கு இரண்டடி தள்ளி உட்காருவார்.